நைனாவுக்குப் போட்டுக் காட்டிய தொடர்

மே 2, வெள்ளி. சித்தூர்

விடியும் முன்பே புழுக்கம். நேற்றே வந்து பஸ் ஸ்டாண்ட் எதிரில் லாட்ஜில் தங்கல். மூட்டைப்பூச்சி. ரசிகர்களுக்கான அதிகாலைக் காட்சி. சென்னை இணைய இதழுக்கு விமர்சனம், கூடவே தியேட்டர் வாசல் பற்றி ஒரு பத்தி வேண்டுமாம் ஆசிரியைக்கு. ‘எல்லைக்காரன்’ என்ற பெயரில் எழுதுகிறேன். பாடம் எடுக்கும் கல்லூரியில் ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்தாலும் படிக்கிற ஆட்கள் இல்லை.

வாசலில் நாயகனின் கட்-அவுட், தியேட்டரைவிட உயரம். கையில் கோடரி. காலடியில் ஒரு கடா, மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டு. மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது. வெட்டியவனுக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டு பாதிக் கழுத்தோடு நின்றது. கடா கத்தவில்லை, இருமியது. இரண்டாவது வெட்டுக்குள் அதன் கால்கள் என் பக்கமாக ஓடி வந்துவிட்டன, தலை அங்கேயே தொங்க. பையன்கள் ரத்தத்தைக் கையில் ஏந்திப் போய் நாயகனின் கோடரியில் பூசினார்கள். ஃப்ளெக்ஸில் ஒட்டவில்லை, வழிந்தது.

ஒருவன் அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டினான். “சார், ரிவ்யூவா? பாகா, நல்லா எழுதுங்க சார். இல்லன்னா அடுத்த கடா நீங்கதான்!” கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததற்காக இப்போதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

படம். சாவு வகைகள்: கோடரி, கடப்பாரை, பனை மட்டை வெட்டும் கத்தி, மாட்டு வண்டி அச்சு, ஒரு இடத்தில் கோயில் மணி. தலைகள் மெதுவாகச் சுழன்று விழுகின்றன. விழும்போது கீழே பாட்டு. மூன்று மணி நேரத்தில் ஒருவருக்கும் வலிக்கவில்லை. வலித்தது வாசலில் கடாவுக்கு மட்டும். இந்த வரியை எழுதி அனுப்பினேன். ஆசிரியை வெட்டிவிடுவாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கலா சட்டையைப் பார்த்தாள். “இன்னாங்க இது, யாரையாவது கொன்னுட்டு வந்தீங்களா?”

“இன்னும் இல்ல.”

ஊறவைத்தாள். போகாது.

மே 4, ஞாயிறு. திருப்பதி

கத்திரி தொடக்கம். எங்கள் பேட்டை கொர்லகுண்டா முழுக்கக் குழாயில் வெந்நீர். கரண்ட் இல்லை.

ஆசிரியை போன். எதிர்பார்த்தபடி கடா வரியை வெட்டிவிட்டாள். “சார், ரசிகர்கள் கோச்சுப்பாங்க.” பிறகு புதுச் செய்தி: தெலுங்கில் ஒரு வெப் தொடர், எட்டு எபிசோட். வெள்ளிக்கிழமை வெளியீடு, தமிழ் டப்பிங்கும் சேர்த்து. கதை சத்தியவேடு பக்கம், எல்லைக் கிராமம். “உங்க ஊர்தானே சார். நீங்க எழுதினாதான் சரியா இருக்கும்.” முன்கூட்டியே பார்க்க லிங்க் அனுப்பினாள்.

மத்தியானம் கரண்ட் வந்ததும் முதல் எபிசோடின் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தேன். அது என் வழக்கம். யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்த்தால் படம் பாதி தெரிந்துவிடும்.

‘வட்டார வழக்கு, கிராம வாழ்க்கை ஆலோசனை: முரளி.’

என் தம்பி.

ஒன்பதாம் வகுப்பில் ஓடிப்போனவன். ஐதராபாத்தில் லைட் தூக்கினான், பிறகு செட் வேலை, பிறகு என்னவோ. அவன் ஓடிய மறுநாள் நைனா, எங்கள் அப்பா, என்னைத்தான் அடித்தார். அவன் பங்கையும் என் முதுகு வாங்கியது, பி.ஏ. முடிக்கும்வரை. அவன் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் எழுதி வைத்திருக்கிறேன், மனதில், தேதி போட்டு.

நான் மன்னிக்காதவர்கள், இன்றைய நிலவரம்: பிரின்சிபால் (துறைத் தலைமையைத் தங்கை மகனுக்குக் கொடுத்தவன்). என் வாக்கியத்தைத் தூக்கிப் புத்தகத்தில் போட்ட சென்னை விமர்சகன். ஆசிரியை, பாதி மட்டும். முரளி. எல்லோருக்கும் மேலே, தனியாக, நைனா.

மே 5, திங்கள்

வெயில். கோடை வகுப்பு. நுழைவுத்தேர்வுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எதற்கென்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும்.

எபிசோட் எ-1 முதல் எ-3 வரை. முதலில் தெலுங்கு ஒலியில், பிறகு தமிழ் டப்பிங்கில். தெலுங்கில் ஊர்க்காரர்கள் மட்டும் எங்கள் தமிழ் பேசுகிறார்கள். போய்க்கினு, வந்துகினு, துன்னு, இஸ்துகினு. போலீஸ்காரன் தெலுங்கில் கேட்க இவர்கள் தமிழில் பதில் சொல்லி நடுவில் தெலுங்குக்குத் தாவுகிறார்கள். அச்சு அசல். தமிழ் டப்பிங்கில் எல்லோரும் சென்னை சீரியல் மாமியார் மாதிரி பேசுகிறார்கள். எங்கள் ஊரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகும்போது எங்கள் தமிழை எடுத்துவிடுகிறார்கள். இதற்கே ஒரு பத்தி எழுதலாம்.

கதை: பெரிய வீட்டுக்காரர்களின் ஆயில் இன்ஜின் ஓட்டுபவன் ஒருவன். பகலெல்லாம் கிணற்றடியில் இன்ஜின், சாயங்காலம் வீட்டில் அடி. ஆயுதம், பழைய இன்ஜின் பெல்ட்.

எ-2, இருபதாவது நிமிடம். நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சினிமாவில் பெல்ட் அடி என்றால் ‘விஷ்க்’ என்று சாட்டைச் சத்தம் போடுவார்கள். நிஜத்தில் அப்படி வராது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போலத்தான் வரும். மொத்தமான சத்தம். இவர்கள் அதைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். இந்தச் சத்தத்தை ஐதராபாத்தில் எவனும் கற்பனை செய்திருக்க முடியாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

எ-3. அவன் மனைவி, யார் கூப்பிட்டாலும் வலது காதைத் திருப்பிக் கேட்கிறாள். இடது காதில் ஒரு அறை விழுந்த பிறகு. அம்மாவின் காது. அம்மாவின் அதே திருப்பல், முந்தானையைப் பல்லில் கடித்தபடி.

இதையும் விற்றுவிட்டான் முரளி. கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும். கலா எட்டிப் பார்த்தாள். “பல்லக் கடிக்காதீங்க. அங்க வரைக்கும் கேக்குது.”

மே 6, செவ்வாய்

பிரின்சிபால் வராந்தாவில் நிறுத்தி, “சார், சிலபஸ் பூர்த்தி ஆயிந்தா?” என்றான். பூர்த்தி ஆகவில்லை என்று தெரிந்தே கேட்கிறான். கண்ணாடியோடு சேர்த்து மூக்கை உள்ளே தள்ளலாம் என்று கணக்குப் பண்ணினேன். “ஆயிப்போத்துந்தி சார்,” முடிந்துவிடும் என்றேன்.

எ-4 முதல் எ-8 வரை. மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்: நன்றாக எடுத்திருக்கிறார்கள். வன்முறையில் அவசரமில்லை. அடிப்பவன் அடித்து முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறான். அவள் கொண்டுவந்து கொடுக்கிறாள். சொம்பில் அவள் கையின் ரத்தம் பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, வாய் வைக்காமல் தூக்கிக் குடிக்கிறான். யாரும் பின்னணி இசை போடவில்லை. சித்தூரில் கடா வெட்டிய அந்தப் படத்தை எடுத்தவர்களைக் கட்டிவைத்து இதைப் பார்க்க வைக்க வேண்டும்.

எ-8, முடிவு. கொலை. அவன் நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வெளியே இன்ஜின் ஓடும் சத்தம், டுக் டுக் டுக். அவள் குழம்பு ஊற்றுகிறாள். பின்னால் போகிறாள். அதே பெல்ட்டைக் கழுத்தில் போட்டு, முழங்காலை அவன் முதுகில் ஊன்றி இழுக்கிறாள். ஒரே ஷாட். வெட்டவே இல்லை. அவன் கால் உதைத்துத் தட்டு கவிழ்கிறது. குழம்பு தரையில் ஓடுகிறது, கேமரா அதன் கூடவே போகிறது. இன்ஜின் நிற்கிறது. அவ்வளவுதான். வசனம் கிடையாது.

குழம்பை ரத்தமாகக் காட்டுவது மலிவு. ஆனால் அதைவிடப் பெரிய பிழை, கொலையே. இதுவரை நிஜம் சொல்லிவிட்டுக் கடைசியில் கைதட்டல் வாங்கப் போய்விட்டார்கள்.

மே 7, புதன்

இரவு தூக்கமில்லை. காலையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். சட்டென்று வந்தது, கோபம் நல்ல பேனா. தமிழ் டப்பிங் மேல் ஒரு குத்து. ஒலிக்குப் பாராட்டு (ஒலியமைப்பாளர் பெயர் போட்டேன், முரளியின் பெயர் போடவில்லை). கடைசிப் பத்தியை இங்கே எடுத்து வைக்கிறேன்:

‘எல்லையோரப் பெண்ணை அறியாதவர்கள் எழுதிய முடிவு இது. அவள் கொல்ல மாட்டாள். இரண்டாம் கரண்டி குழம்பை ஊற்றுவாள். ஊற்றியதை வாழ்நாளெல்லாம் பார்த்தவன் சொல்கிறேன்.’

ஆசிரியை பதில்: “கடைசி வரி பிரமாதம் சார். ஒரு எழுத்து தொடல.” முதல் தடவை.

மே 8, வியாழன்

வெயில் குறையவில்லை. வெள்ளரிக்காய், மோர். கல்லூரிக்கு லீவு போட்டேன்.

நைனாவிடமிருந்து போன். அவர் போன் செய்தால் காசோ கோபமோ இருக்கும். இன்று இரண்டும் இல்லை, பெருமை. “டேய் பெரியவனே. சின்னவன் வேல செஞ்ச படம் நாளைக்கு வருதாமே. ஊர்ல எல்லாரும் கேக்கறானுங்க. எனக்கு எப்படிப் பாக்கறதுன்னு தெரியல. நீ வந்து போட்டுக் காட்டு.”

நான் பி.ஏ., இரண்டு எம்.ஏ. வாங்கியபோது ஊரில் ஒருவரும் கேட்கவில்லையா நைனா என்று கேட்க நினைத்தேன். “ஞாயித்துக்கிழம வரேன்,” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் முழுதாக உறைத்தது. அவரை உட்காரவைத்து அவரையே போட்டுக் காட்டப் போகிறேன். பக்கத்தில் அம்மா. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறேன், ஒரு நொடி தவறாமல். அந்த முகம் தன்னை அடையாளம் கண்டு உடைவதைப் பார்த்துவிட்டால் போதும். சின்ன வயதில் குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு அவர் கட்டிலருகே நின்றிருக்கிறேன், தூக்கிய கை வலித்துக் கீழே வைத்திருக்கிறேன். இப்போது கல் தேவையில்லை.

எட்டையும் போட நேரமிருக்காது. எ-1, எ-2, எ-3 மட்டும். எ-8 வேண்டாம். அந்தப் பொய்யைக் காட்டினால் சிரித்துத் தப்பித்துவிடுவார்.

சாயங்காலம் முரளி போன். எத்தனையோ மாதம் கழித்து.

“அண்ணா, நல்லா கீறியா?”

“பேரு பாத்தேன். பெரிசாதான் போட்டுக்கிறாங்க.”

“கோவமா கீறியா?”

“அம்மா காத வித்துட்டியேடா.”

 “விக்கல ணா. உள்ள வெச்சுக்க முடியல.”

“ஞாயித்துக்கிழம நைனாவுக்குப் போட்டுக் காட்டப் போறேன்.”

“காட்டு. அம்மாவ கூட உக்கார வை. கடைசி எபிசோட மட்டும் வுட்றாத.”

“அது சுத்தப் பொய்டா. அப்படியேதான் எழுதிக்கிறேன்.”

“எழுது ணா. நீதான் படிச்சவன்.”

வைத்துவிட்டேன். சுவரில் ஒரு குத்து. விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. கலா ஐஸ் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 9, வெள்ளி

வெளியீடு. விமர்சனமும் வெளிவந்தது. கமெண்ட்கள்:

“யாருடா இந்த எல்லைக்காரன், எல்லைய தாண்டிட்டான்.”

“கிளைமாக்ஸ்ல அழுதேன். இவன் கல்லு.”

“பொம்பள கொன்னா மட்டும் லாஜிக் கேப்பானுங்க. ஹீரோ நூறு பேர வெட்டினா விசில் அடிப்பானுங்க.”

கடைசியாக உள்ளது ஒரு பெண் எழுதியது. பதில் எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். நான் விசில் அடித்ததில்லை. அதைக்கூட எழுதவில்லை.

மே 11, ஞாயிறு. ஊர்

காலை புத்தூர், நாகலாபுரம் வழியாக பஸ். கம்பி தொட்டால் சுடுகிறது. வழியெல்லாம் மாங்காய் லாரி. பக்கத்து சீட்டில் தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேர் அதே தொடரைப் போனில் பார்த்துக்கொண்டு வந்தார்கள், காதில் ஆளுக்கொரு இயர்போன். ஒருத்தி, “இன்னாடி, எங்க மாமா மாதிரியே துன்றான்!” என்றாள். மற்றவள், “உங்க மாமாவா? எங்க நைனா!” என்றாள். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீடு. மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு இரும்புக் கீல் இல்லை. பெல்ட்டை வெட்டி ஆணியடித்திருக்கிறார்கள். அந்த பெல்ட்தான். எனக்குத் தெரியும், ஓரத்தில் நூல் பிரிந்த இடம். எப்போது ஆணியடித்தது என்று கேட்டேன். “மழைக்கு முன்னாடி. நான்தான் வெட்டினேன்,” என்றாள் அம்மா. “சும்மா ஆணியில தொங்கிக்கினு இருந்துது.”

நைனாவுக்குத் தலை நரைத்து, முதுகு வளைந்துவிட்டது. கை மட்டும் அப்படியே. அடி நின்றது உடம்பு தளர்ந்ததால், திருந்தியதால் அல்ல. குழம்பில் உப்பு கூடினால் இன்னும் தட்டு பறக்கிறது. சுவரில் புது மஞ்சள் கறை பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து போனை டிவியோடு இணைத்தேன். தெலுங்கு ஒலி, எங்கள் தமிழ் கேட்க வேண்டுமே. நைனா நாற்காலியில். அம்மா கீழே, சுவர் பக்கம், வலது காதை டிவிக்குக் காட்டி. நான் டிவிக்கு அருகில், அவர் முகம் நேராகத் தெரிகிற இடத்தில்.

எ-1. நைனாவுக்கு ஒரே சந்தோஷம். “நம்ம பேச்சே பேசறானுங்கடா! ஆளு தமிழா, தெலுங்கா?” இன்ஜினைக் கண்டதும் முன்னால் குனிந்தார். “அத இப்படி ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஹேண்டில் திருப்பி அடிக்கும்.”

எ-2. இருபதாவது நிமிடம். கதவு மூடியது. பெல்ட்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தேன். ஈரத் துணிச் சத்தம் ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. அவர் நெற்றி சுருங்கியது.  வருகிறது, இதோ வருகிறது என்று நினைத்தேன்.

“இவன் பெல்ட்ட முழுசா வுட்டு வீசறான் பாரு,” என்றார். “தப்பு. கை வலிக்கும். ரெண்டா மடிச்சுப் பிடிக்கணும்.” காற்றில் பிடித்துக் காட்டினார். “மொகத்துல போடக்கூடாது. நாலு பேரு கேப்பான். முதுகுதான்.”

மடித்துத்தான் பிடிப்பார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. முரளிக்கும்.

 நேராகவே கேட்டுவிட்டேன். “இந்த ஆளு யாரு மாதிரி கீறான் நைனா?”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “உங்க தாத்தா மாதிரி. எங்கப்பன் இதவிட மோசம்டா. மாட்டுக் கயித்துல கட்டிக் கெணத்துல எறக்குவான், தண்ணி மூக்கத் தொடற வரைக்கும்.” சிரித்தார். “சின்னவன் எப்படித்தான் அதையெல்லாம் கண்டுபுடிச்சானோ. அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே கெழவன் செத்துட்டான்.”

எ-3 முடிந்தது. அந்தக் காது அறையும் வந்து போனது. அவர் பீடி தேடினார். நான் நாள் கணக்காகத் தீட்டிய கத்தி அவர் தோலைக்கூடக் கீறவில்லை. அந்த நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. கிணற்றுக்குள் தொங்கிய ஒரு பையன் நடுவில் வந்து நின்றுகொண்டான். அவன் மேலும் எனக்கு ஆத்திரம். யார் அவனைக் கூப்பிட்டது?

“அவ்ளோதான்,” என்று போனை எடுத்தேன்.

“கடைசி எங்க?” என்றாள் அம்மா.



“கடைசி வேணாம்மா. நல்லா இல்ல.”

“கடைசியிலதான கீது. முரளி சொன்னானே. அதப் போடு.”

போட்டேன். இன்ஜின் சத்தம் வீட்டை நிறைத்தது. திரையில் அவன் நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவள் குழம்பு ஊற்றினாள். பின்னால் போனாள். இந்தத் தடவை நான் நைனாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வலது கையில் சுற்றினாள். சுற்றிச் சுற்றி, விரல் வெளுக்கும்வரை. கண் இமைக்கவில்லை. தட்டு கவிழ்ந்தபோது மட்டும் ‘ச்சு’ என்றாள். இன்ஜின் நின்றது.

நைனா சிரிப்பை வரவழைத்தார். “பொம்பள கையில ஏதுடா அவ்ளோ வலு. கத வுடறானுங்க.”

அது என் விமர்சனம். ஒருவருடைய விமர்சனமும் என்னுடையதும் இதற்கு முன் இப்படி ஒத்துப்போனதில்லை.

“இன்னொரு தபா போடு,” என்றாள் அம்மா.

“அதுக்குக் காது கேக்கல,” என்றார் நைனா என்னிடம். “சவுண்ட ஏத்து.”

“காதுல கேக்க ஒண்ணுமில்ல. பாக்கணும்,” என்றாள் அம்மா.

மறுபடி போட்டேன். மறுபடி டுக் டுக் டுக். அம்மா நகர்ந்து டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நைனா நாற்காலியில் ஒருமுறை திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சமையல்கட்டு வாசல்தான். ஒன்றும் இல்லை.

முடிந்ததும் அம்மா சொன்னாள், என்னிடம்தான், சாதாரணமாக: “கொழம்பு சிந்தக்கூடாதுன்னு சொன்னனே அவன்கிட்ட. மறந்துட்டான் போல.”

“யாருகிட்டமா?”

“முரளிகிட்ட. போன்ல கேட்டான், இப்படி ஒரு பொம்பள கீறாமா, அவ கடைசில இன்னா செய்வான்னு. சொன்னேன். தட்ட மொதல்ல எடுத்துடணும்னும் சொன்னேன். சோறு வீணாவக்கூடாது இல்ல.”

“எப்ப யோசிச்ச அத?”

“யோசிக்க இன்னா கீது,” என்றாள். “தெனமும் சோறு போடறேன்.”

நைனாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். எழுந்து வெளியே போனார். வெளியே தீப்பெட்டி உரசும் சத்தம், உரசும் சத்தம். பற்றவில்லை.

அம்மா எழுந்து டிவியைத் துடைத்தாள். தூசி.

மே 12, திங்கள். ஊர்

காலையிலேயே அனல். முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததற்குள் எழுதி வைக்கிறேன்.

ஆசிரியையிடமிருந்து செய்தி: விமர்சனம் நன்றாகப் போகிறதாம், கடைசிப் பத்தியை மட்டும் ஒரு படத்தில் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். அதை எடுத்துவிடுங்கள் என்று அடித்தேன். காரணம் கேட்பாள். என்ன சொல்வது? அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

முரளி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. அம்மா மறுபடி போடச் சொன்னாள் என்று தெரிந்தால் அழுவான், பிறகு அதையும் எவனிடமாவது சொல்வான். தெரியாமல் கிடக்கட்டும். என் பங்குக்கு இது ஒன்றாவது எனக்கு.

மன்னிக்காதவர்கள் பட்டியலில் நைனாவின் இடம் அப்படியே. மாற்றவில்லை. கிணற்றுப் பையனுக்காகவும் மாற்ற மாட்டேன்.

காலைச் சாப்பாடு. சோறு, நேற்றைய கத்திரிக்காய்க் குழம்பு சுடவைத்தது. நைனாவின் இடம் எப்போதும் நடுவீடு, டிவியைப் பார்த்து, முதுகு சமையல்கட்டுக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. அம்மா தட்டை அங்கே வைத்தாள். அவர் வந்தார், நின்றார். குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போனார். முதுகைச் சுவரில் ஒட்டவைத்து உட்கார்ந்தார்.  கொட்டகைப் பக்கம் காற்றில் கதவு ஆடியது.

குழம்பில் உப்பு அதிகம். நான் வாயில் வைத்ததுமே தெரிந்தது. தட்டைப் பார்த்தேன். பறக்கவில்லை. சாப்பிட்டார்.

அம்மா குழம்புச் சட்டியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?”

“போதும்,” என்றார் நைனா.

அவள் ஊற்றினாள்.